செட்டில்மென்ட் வாங்காத ரோஸ்வித்தா

எங்கள் ஆலையின் மூன்றாம் கூடத்து ஷட்டர் மேலே ஏறி முடிப்பதற்குள் ரோஸ்வித்தா டில்மன்ஸ் ஓர் அவித்த முட்டையை உரித்துவிடுவார். ஃபோர்க்லிஃப்ட்டை நிறுத்தி, பிரேக்கை இழுத்து, முட்டையை ஸ்டியரிங்கில் ஒரு தட்டு. ஓடு மொத்தமும் மேல்சட்டையின் மார்புப் பைக்குள் போகும். ஷட்டர் உச்சியில் 'டங்' என்று முட்டும்போது முட்டை வாய்க்குள் இருக்கும். பிறகு ஹாரன், இரண்டு தரம். எதிரே யாரும் இல்லாவிட்டாலும் இரண்டு தரம்தான். "ஆள் இல்லேன்னு நினைச்சு அடிக்காம விட்ட அன்னைக்குத்தான் எவனாவது நிப்பான்" என்பார், வாய் நிறைய முட்டையோடு.

வயது ஐம்பத்தேழு. உயரம் குறைவு, தோள்கள் மட்டும் அலமாரி மாதிரி. தலைமுடியை வீட்டில் அவரே வெட்டிக்கொள்கிறார். கண்ணாடி பார்க்காமல் வெட்டியதுபோலத்தான் இருக்கும். ஜெர்மனியில் எங்கள் ஊரான ஃபெல்பெர்ட்டில் பாதிக் குடும்பங்களுக்குப் பூட்டும் சாவியும்தான் சோறு போடுகின்றன. ரோஸ்வித்தாவின் வீட்டிலும் அப்படித்தான். பிரஸ் கூடத்தில் அடித்துத் தள்ளும் பூட்டு உடல்களைப் பெட்டி பெட்டியாகத் தூக்கிக்கொண்டுபோய் மெருகேற்றும் கூடத்தில் இறக்குவது அவர் வேலை. அங்கிருந்து வெளியே போகும் பெட்டிகளுக்கு லாரி ஏற்பாடு செய்வது என் வேலை. அதனால் தினமும் பத்துத் தடவையாவது சண்டை போட்டுக்கொள்வோம்.

"எப்படி இருக்கீங்க?" என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "ஓட்டித்தானே ஆகணும்." காதல் முறிந்து அழுதுகொண்டு வந்த பெண்ணுக்கும் அதையே சொல்லி, கையில் பாதி ரொட்டியைத் திணித்தார். அது பச்சைப் பன்றிக் கொத்துக்கறி தடவி, மேலே வெங்காயம் தூவிய ரொட்டி. அழுகை தானாக நின்றுவிட்டது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாய்தவறி அவரை "அக்கா" என்று கூப்பிட்டுவிட்டேன். இங்கே 'அக்கு' என்றால் பேட்டரி. "என்னடா, என்னைப் பேட்டரிங்கிறியா?" என்று வண்டியிலிருந்து இறங்கி வந்தார். அர்த்தம் சொன்னேன். யோசித்தார். "பேட்டரியே பரவாயில்லை. மூத்தவன்னா வயசாகுதுல்ல" என்றார். அதன் பிறகு கூடமே அவரை 'அக்கு' என்றுதான் கூப்பிடுகிறது. நான் மட்டும் அக்கா என்கிறேன். காதுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பேரம் பேசுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய சாமான் சந்தைக்குப் போவார். ஒரு பழைய விளக்கைக் கையில் எடுப்பார், முகத்தைச் சுளிப்பார், வைப்பார், நாலடி நடப்பார், திரும்பி வருவார். கடைக்காரரின் பிள்ளைகுட்டிகளை விசாரிப்பார். முடிவில் பாதி விலைக்கு விளக்கும், இலவசமாக ஒரு ஜாடியும் அவர் கைக்கு வந்திருக்கும். கணவர் ஹார்ட்முட் வெட்கப்பட்டுக்கொண்டு மூன்று கடை தள்ளி நாயோடு நிற்பார். இவ்வளவு பேரம் பேசுகிறவர், வேலையை விட்டுப் போகச் சொல்லி நிறுவனம் பணத்தை நீட்டியபோது வேண்டாம் என்றதும் எல்லாரும் அதைப் பேரம் என்றே நினைத்தோம். இன்னும் கொஞ்சம் ஏற்றப் பார்க்கிறார் என்று. அங்கேதான் அத்தனை பேரும் ஏமாந்தோம்.

ஆலை கைமாறி முதல் வருஷம். புது முதலாளிகளை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அவர்கள் அனுப்பிய பணியாளர் மேலாளரைத்தான் பார்த்தோம். பெயர் லோர்பாக். நாற்பதைத் தொடாத, மரியாதையான மனிதர். எல்லாரையும் பெயர் சொல்லி வணங்குவார், எல்லாருக்கும் ஒரே சிரிப்பு. வேனிற்காலத் தொடக்கத்தில் ஒருநாள் பெரிய அறையில் ஒரு தட்டு பிஸ்கட்டை வைத்துக்கொண்டு, ஆட்களை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்.

அந்தச் சந்திப்பை ரோஸ்வித்தா என் அலுவலகத்தில் இரண்டு குரலிலும் நடித்துக்காட்டினார்.

"டில்மன்ஸ் மேடம், இது உங்களுக்குன்னே தனியாப் பார்த்துப் போட்ட தொகை."

"வெளிய நிக்கிறவங்ககிட்டயும் இதையேதான் சொன்னீங்களாமே?"

"இன்னைக்கே கையெழுத்துப் போட்டீங்கன்னா மேல கொஞ்சம் சேர்த்துத் தரலாம்."

"இங்க 'இரு தரப்பும் மனமொத்து'ன்னு போட்டிருக்கு. நீங்க ஒத்துக்கிட்டீங்க, சரி. நான் எப்ப ஒத்துக்கிட்டேன்?"

"அது வழக்கமான வாசகம், மேடம்."

"அப்ப வழக்கமான ஆளாப் பார்த்து நீட்டுங்க."

எழுந்து வந்துவிட்டார். வரும்போது பிஸ்கட் தட்டை மொத்தமாகத் தூக்கிக்கொண்டு வந்து வெளியே காத்திருந்தவர்களுக்கு நீட்டினார். "எடுத்துக்கங்க. நம்ம காசுல வாங்கினதுதான்."

பிஸ்கட் தின்றவர்கள் எல்லாரும் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒருவருக்கு முட்டி தேய்ந்திருந்தது, ஒருவர் ஓய்வுக்குப் பக்கத்தில் இருந்தார், ஒருத்திக்குத் தங்கையின் பூக்கடையில் பங்கு கிடைத்தது. ரோஸ்வித்தா மட்டும் போடவில்லை. சில நாளில் முறையான பணிநீக்கக் கடிதம் வந்தது. ஆலையில் அவர் பார்த்த வேலைக்கு இனி தேவை இல்லை என்றும், கெடு முடியும்வரை சம்பளம் வரும், ஆனால் ஆலைக்கு வர வேண்டாம் என்றும் அதில் இருந்தது. அன்று மத்தியானம் ஃபோர்க்லிஃப்ட்டைச் சார்ஜரில் மாட்டிவிட்டு, பின்சக்கரத்தை ஒரு உதை உதைத்துவிட்டுப் போனார்.

கடிதம் கைக்கு வந்த மூன்று வாரத்துக்குள் வழக்குப் போட வேண்டும், விட்டால் விட்டதுதான். ரோஸ்வித்தா மறுநாளே தொழிற்சங்கத்தின் சட்டப் பிரிவுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். அங்கே நிலூஃபர் அக்சோய் என்றொரு வழக்கறிஞர். சின்ன உருவம், பெரிய கண்ணாடி, அரைவாக்கியத்தில் பேசுகிறவர். துணைக்கு நானும் போயிருந்தேன்.

"எத்தனை மாசச் சம்பளம் கேக்கலாம்?" என்று நான்தான் வாயைத் திறந்தேன்.

"கேக்கவே முடியாது" என்றார் அக்சோய். "வேலையை விட்டு அனுப்பினா பணம் குடுத்தே ஆகணும்னு ஊரே நினைச்சுட்டு இருக்கு. சட்டத்துல பொதுவா அப்படி ஒண்ணும் கிடையாது. அனுப்பினது சரியா, தப்பா, அதை மட்டும்தான் நீதிமன்றம் பார்க்கும். தப்புன்னா வேலை அப்படியே நிக்கும். சரின்னா கையை வீசிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நடுவுல தோத்துடுவோமோன்னு கம்பெனிக்கு ஒரு பயம் இருக்கும் பாருங்க, அந்தப் பயத்துக்கு அவங்க போடுற விலைதான் செட்டில்மென்ட். முக்கால்வாசி வழக்கு அதுலதான் முடியும்."

"என் வழக்கு முடியாது" என்றார் ரோஸ்வித்தா.

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க."

"நான் கடைசியிலயும் சொல்வேன்."

அக்சோய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குள் அவருக்கு இவரைப் பிடித்துப்போய்விட்டது என்று நினைக்கிறேன்.

முதல் விசாரணை பக்கத்து நகரமான வுப்பர்டாலின் தொழிலாளர் நீதிமன்றத்தில். சமரசத்துக்கென்றே வைக்கும் சின்ன அமர்வு அது. ஒரே ஒரு நீதிபதி, பேச்சுவார்த்தை மாதிரித்தான். வருஷத்துக்கு அரைமாதச் சம்பளம் என்ற வழக்கமான கணக்கை நீதிபதி அம்மா எடுத்துச் சொன்னார். ரோஸ்வித்தா கிட்டத்தட்ட முப்பது வருஷம் வேலை பார்த்தவர். ஒரு வருஷச் சம்பளத்துக்கு மேலேயே வந்தது. நிறுவனத்தின் வழக்கறிஞர் கொஞ்சம் முனகிவிட்டுத் தலையை ஆட்டினார்.

"உங்களுக்குச் சம்மதமா, டில்மன்ஸ் மேடம்?"

"இல்லைங்க."

"எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?"

"எவ்வளவும் இல்லை. என் வண்டியைக் குடுங்க."

லோர்பாக் சிரித்தார். அந்த ஒரே சிரிப்புதான். "மேடம் நல்லா பேரம் பேசுவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன்" என்றார் நீதிபதியிடம். ரோஸ்வித்தா அவர் பக்கம் திரும்பவே இல்லை. சமரசம் இல்லை என்று எழுதிக்கொண்டு, முழு விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அதற்கு இன்னும் மாதக்கணக்கில் இருந்தது.

அந்த மாதங்கள்தான் மோசம்.

ஹார்ட்முட் முன்பு பஸ் ஓட்டியவர். முதுகுத்தண்டு கெட்டு, பாதி ஓய்வூதியத்தில் வீட்டில் இருப்பவர். ஹாலந்துக் கடற்கரையில் ஒரு கேரவன் வண்டிவீடு, அதற்கு முன்னால் கோடுபோட்ட துணிப் பந்தல், பந்தலுக்குக் கீழே இரண்டு நாற்காலி. அவர் ஆசை அவ்வளவுதான். இந்தப் பணம் வந்தால் அது நடக்கும். முதல் விசாரணை முடிந்து வந்ததிலிருந்து மனைவியிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டார். எதுவாக இருந்தாலும் நாயிடம்தான். நாயின் பெயர் பொல்லே.

"பொல்லே, உங்கம்மாகிட்ட கேளு. தோத்துட்டா ஒரு செண்ட் வராதுன்னு அந்தக் கண்ணாடிப் பொண்ணு சொன்னது காதுல விழுந்துச்சான்னு."

"பொல்லே, உங்கப்பாகிட்ட சொல்லு. அந்தப் பணம் எத்தனை வருஷத்துக்கு வரும்? அதுக்கப்புறம் வேலைவாய்ப்பு ஆபீஸ்ல எவனோ ஒரு பொடியன் எனக்கு விண்ணப்பம் எழுதச் சொல்லிக் குடுப்பான். கைகட்டிக்கிட்டு நான் கேக்கணும். ஐம்பத்தாறு வயசுல எவன் என்னைக் கூப்பிடுவான்?"

"பொல்லே, அதெல்லாம் எனக்கும் தெரியும்னு சொல்லு."

"அப்ப வாயை மூடச் சொல்லு."

பொல்லே இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

வீட்டில் இருக்கப் பிடிக்காமல் ரோஸ்வித்தா காலையில் ஆலைப் பக்கம் நடந்து வருவார். வேலிக்கு வெளியே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தால் மூன்றாம் கூடத்து முற்றம் தெரியும். அவர் வண்டி அங்கே ஓடிக்கொண்டிருந்தது. தேவை இல்லை என்று எழுதிக்கொடுத்த வேலைக்கு ஏஜென்சி மூலம் வாடகை ஆள் வைத்திருந்தார்கள். ஓவிடியு என்ற ருமேனியக்காரர். ஒருநாள் ஓவிடியு வண்டியை வேலி ஓரம்வரை கொண்டுவந்து நிறுத்தி இறங்கி வந்தார்.

"இது உங்க வண்டின்னு சொன்னாங்க" என்றார். முகம் சிவந்திருந்தது. "எனக்குத் தெரியாதுங்க. ஏஜென்சியில போன்னாங்க, வந்தேன்."

"உன் மேல எனக்கென்ன கோபம்? இடதுபக்கம் திருப்பும்போது கொஞ்சம் இழுக்கும், பார்த்துத் திருப்பு. வளைவுல ஹாரன் அடிக்கிறியா?"

"அடிக்கிறேன்."

"எத்தனை தரம்?"

"ஒரு தரம்."

"ரெண்டு தரம் அடி. உனக்கு எவ்வளவு தர்றானுங்க?"

ஓவிடியு சொன்னார். ரோஸ்வித்தா வாயில் வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. ஆனால் அது ஓவிடியுவைப் பார்த்துச் சொன்னதல்ல. ஓவிடியு இப்போது பக்கத்துக் கூடத்தில் நிரந்தர ஆள். அதற்கும் பணியாளர் குழுவின் கதவைத் தட்டி மாதக்கணக்கில் கத்தியவர் ரோஸ்வித்தாதான்.

பெரிய சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஆட்குறைப்பு செய்யும்போது யாரை அனுப்புவது என்று நிறுவனம் தன்னிஷ்டத்துக்குத் தீர்மானிக்க முடியாது. வயது, எத்தனை வருஷ வேலை, வீட்டில் எத்தனை பேர் இவரை நம்பி இருக்கிறார்கள் என்றெல்லாம் ஒரே மாதிரி வேலை செய்கிறவர்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். லோர்பாக் அதைச் சரியாகச் செய்யவில்லை என்பது அக்சோயின் முதல் வாதம். ஆனால் வாதத்தில் ஒரு முள் இருந்தது.

"பேர் சொல்லணும்" என்றார் அக்சோய். "உங்களுக்குப் பதிலா யாரை அனுப்பியிருக்கணும்னு நாமதான் சொல்லணும். இரண்டாவது கூடத்துல அதே வண்டி ஓட்டுறவர் ஒருத்தர் இருக்காரே, மிர்கோ. வேலைக்கு வந்து நாலு வருஷம்தான் ஆகுது. வயசும் கம்மி."

"ரெண்டு குழந்தை இருக்கு அவனுக்கு."

"அதையும் சேர்த்துப் பார்த்தாலும், வேலையில வெச்சுக்க வேண்டியவங்க வரிசையில நீங்கதான் முன்னால நிப்பீங்க."

"சொன்னா அவனை அனுப்புவாங்களா?"

"அனுப்பலாம். சட்டத்துல இடம் இருக்கு."

"அப்ப நான் சொல்ல மாட்டேன்."

"அந்த வாதம் மொத்தமாப் போயிடும், டில்மன்ஸ் மேடம்."

"போகட்டும். வேற என்ன கைவசம் இருக்கு?"

சொல்ல மாட்டேன் என்று சொன்னது அந்த அறையோடு நின்றது. சொல்லப்போகிறார் என்ற வதந்தி ஊரெல்லாம் பரவியது. ரொட்டிக் கடையில் நின்றிருந்த ஒரு பெண், தன் காசுக்காகச் சின்னப் பிள்ளைகள் வயிற்றில் அடிக்கிறவர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள் என்று அலமாரியைப் பார்த்துச் சொன்னாராம். ரோஸ்வித்தா தன் ரொட்டிக்குக் காசு கொடுத்துவிட்டு, "அலமாரிக்குக் காது கேக்காது. என்னைப் பார்த்துச் சொல்லு" என்றாராம்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல். பழைய துணி அலமாரி ஒன்றை மாடிக்கு ஏற்ற ஹார்ட்முட் என்னை வரச் சொல்லியிருந்தார். அலமாரி படிக்கட்டு நடுவில் சிக்கி நின்றபோது அழைப்புமணி அடித்தது. மிர்கோ. மழையில் நனைந்திருந்தார். உள்ளே வரவில்லை.

"என் பேரைச் சொல்லப்போறீங்களா?"

"உள்ள வா. இது வாசல்ல நின்னு கேக்கிற கேள்வியா?"

"இங்கயே சொல்லுங்க. வீட்டுக் கடன் இன்னும் பாதிகூட முடியலை. என் பொண்டாட்டி தூங்கி ஒரு வாரமாச்சு."

ரோஸ்வித்தா அவர் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்தார். இழுத்த வேகத்தில் மிர்கோ சமையலறை நாற்காலியில் போய் விழுந்தார். முன்னால் ஒரு தட்டு வந்தது; அதில் சுடச்சுட வாஃபிள், மேலே செர்ரி.

"தின்னு. தின்னுக்கிட்டே கேளு. லோர்பாக் என்னை அனுப்பினான். இப்ப நான் உன்னை அனுப்பணும், நீ இன்னொருத்தனை அனுப்பணும். அவன் மேல உக்கார்ந்து வேடிக்கை பார்ப்பான். அந்த விளையாட்டுக்கு நான் வரலை. உன் பேரு என் வாயில வராது. போய் உன் பொண்டாட்டியைத் தூங்கச் சொல்லு."

மிர்கோ வாஃபிளைத் தொடவில்லை. எழுந்துவந்து, படிக்கட்டில் சிக்கியிருந்த அலமாரியின் கீழ்முனையைப் பிடித்தார். ரோஸ்வித்தாவும் அவரும் நானுமாகத் தூக்கி மாடியில் வைத்தோம்.

அவர் போன பிறகு ஹார்ட்முட் மனைவியை நேராகப் பார்த்தார். "பேரைச் சொன்னா ஜெயிப்பே. சொல்லாட்டி தோத்தாலும் தோப்பே. பணமும் வேணாங்கிறே. உனக்கு என்னதான்டி வேணும்?"

"நான் தப்பு எதுவும் பண்ணலை, ஹார்ட்முட். தப்பு பண்ணாதவ எதுக்கு வெளிய போகணும்?"

"பொல்லே" என்று தொடங்கிய ஹார்ட்முட், நாய் தூங்குவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

முழு விசாரணை நாளில் நான் விடுப்பு எடுத்துக்கொண்டேன். ஹார்ட்முட்டும் வந்தார், வருவார் என்று ரோஸ்வித்தாவே நினைக்கவில்லை. மேடையில் அதே நீதிபதி அம்மா நடுவில். இரண்டு பக்கமும் நீதிபதிகளாக உட்காரும் பொதுமக்கள் இருவர்; ஒருவர் முதலாளிகள் தரப்பு, ஒருவர் தொழிலாளர் தரப்பு. வேலை எப்படி மறைந்தது என்று நிறுவனத்தின் வழக்கறிஞர் அழகாக விளக்கினார். மறுசீரமைப்பு, புதிய தளவாட ஒழுங்கு என்று நிறையச் சொற்கள். நீதிபதி அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு லோர்பாக்கைப் பார்த்தார்.

"அவங்க ஓட்டின வண்டி இப்ப எங்க இருக்கு?"

"மூன்றாம் கூடத்தில்தான்."

"நிக்குதா, ஓடுதா?"

லோர்பாக் தன் வழக்கறிஞரைப் பார்த்தார். "ஓடுகிறது."

"யார் ஓட்டுறாங்க?"

"ஏஜென்சி ஆள் ஒருவர். வேலை நெருக்கடி வரும்போது சமாளிக்க..."

"வாரத்துல எத்தனை நாள் நெருக்கடி வருது?"

அந்த மனிதரிடம் பொய் இல்லை; அதைச் சொல்லத்தான் வேண்டும். சிரிப்பும் அன்றைக்கு இல்லை. "தினமும்" என்றார், மேசையைப் பார்த்துக்கொண்டு.

மேடையில் முதலாளிகள் தரப்புக்கு உட்கார்ந்திருந்த வயதானவர் பேனாவை மூடி வைத்தார்.

நீதிபதி அம்மா இடைவேளை விட்டார். கடைசியாக ஒருமுறை பேசிப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். தாழ்வாரத்தில் நிறுவனத்தின் வழக்கறிஞர் அக்சோயைத் தனியே கூப்பிட்டார். அக்சோய் திரும்பி வந்து தொகையைச் சொன்னார். முன்பு சொன்னதைப் போல இரண்டு பங்கு.

"நான் சொல்லியாகணும், மேடம்" என்றார் அக்சோய். "காத்து நம்ம பக்கம்தான் அடிக்குது. ஆனா உறுதி கிடையாது. உள்ள இருக்கிற மூணு பேர் என்ன நினைக்கிறாங்கன்னு யாருக்கும் தெரியாது. தோத்தா இதுவும் இல்லை."

ரோஸ்வித்தா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டார்.

"நீ சொல்லு" என்றார் ஹார்ட்முட்டிடம். "இது உன் கேரவன். ரெண்டு கேரவன் வரும். நீ வாங்குன்னு சொன்னா வாங்கிடுறேன். அப்புறம் குத்திக்காட்ட மாட்டேன்."

இத்தனை மாதமாக இந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருந்த மனிதர். அவர் முகம் எப்படி மலரப்போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மலரவில்லை.

"தினமும் ஓடுதாமே" என்றார் ஹார்ட்முட்.

"ஆமா."

"தேவையே இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டு, தினமும் ஓட்டுறானுங்களா? நீ வேலியோரம் நின்னு பார்த்துட்டு வந்து சொன்னப்பகூட, இவ சும்மா எரிச்சல்ல சொல்றான்னு நினைச்சேன். அவன் வாயாலயே சொல்றான்." அக்சோய் பக்கம் திரும்பினார். "வேண்டாம்னு சொல்லிடும்மா."

"நிச்சயமா?"

"கேரவன்ல உக்கார்ந்து நான் இதையே நினைச்சுட்டு இருக்கவா? வேண்டாம்."

ரோஸ்வித்தா கணவரின் கோட்டில் ஒட்டியிருந்த நாய் முடியை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தார். உள்ளே கூப்பிடும்வரை எடுத்துக்கொண்டே இருந்தார்.

அன்று மாலையே தீர்ப்பு. எல்லாரும் எழுந்து நின்றோம். 'மக்களின் பெயரால்' என்று தொடங்கினார் நீதிபதி அம்மா. வேலை மறையவில்லை, வேலை செய்கிற ஆள்தான் மாற்றப்பட்டிருக்கிறார். ஆகவே பணிநீக்கம் செல்லாது, வேலை தொடர்கிறது. இதற்கு மேல் நீட்டவில்லை. அக்சோய் கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமலே மாட்டிக்கொண்டார். அந்த வாரம் முழுவதும் வீட்டில் ரோஸ்வித்தா வாயைத் திறந்தால் அதேதான்: "மக்களின் பெயரால் காபி போடு, ஹார்ட்முட்." "மக்களின் பெயரால் நாயை வெளிய கூட்டிட்டுப் போ."

நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. இலையுதிர்காலத்தில் ஆர்டர்கள் குவிந்திருந்தன, ஆள் போதவில்லை. ஒரு திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்கள்.

காலை ஷிஃப்ட் நேரம், தூறல். வாசலில் உள்ளே போக இருப்பது ஒரே ஒரு சுழல்கதவு. அட்டையைப் பெட்டியில் காட்டினால் பச்சை விளக்கு எரியும், கதவு சுழலும். ரோஸ்வித்தா தன் அட்டையைக் காட்டினார். சிவப்பு. மறுபடி காட்டினார். சிவப்பு. அவருக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் மிர்கோ, அவருக்குப் பின்னால் ஷிஃப்ட் மொத்தமும்.

காவலர் யோஸ்ட் கூண்டிலிருந்து தலையை நீட்டினார். "உன் நம்பரை அழிச்சிருக்காங்க போல, ரோஸி. இந்தா, விருந்தாளி அட்டை. கழுத்துல மாட்டிக்கிட்டு உள்ள போ. மத்தியானத்துக்குள்ள சரிபண்ணிடுவாங்க."

"நான் விருந்தாளியா, யோஸ்ட்?"

"அரைநாளைக்குத்தானே."

"அரை நிமிஷத்துக்கும் மாட்ட மாட்டேன்."

பையைக் கீழே வைத்தார். சுழல்கதவின் கம்பியில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார். வரிசை நீண்டு தெருவுக்குப் போனது. லாரி ஒன்று ஹாரன் அடித்தது. உள்ளே பிரஸ்கள் ஓட ஆரம்பிக்க வேண்டிய நேரம் வந்தது, போனது. அவற்றை ஓட்டுகிறவர்கள் எல்லாரும் எங்களோடு வெளியே நனைந்துகொண்டிருந்தார்கள். நகரச் சொல்லி ஒருவர்கூடச் சொல்லவில்லை. பின்னால் யாரோ ஃபிளாஸ்க்கைத் திறந்து காபியை முன்னால் கடத்தினார்கள்.

லோர்பாக் கோட்டுகூடப் போடாமல் ஓடி வந்தார். "மன்னிக்கணும், டில்மன்ஸ் மேடம். சின்னத் தொழில்நுட்பக் கோளாறு. இப்போதைக்கு அந்த அட்டையில்..."

"கோளாறு மெதுவாச் சரியாகட்டும் சார். எனக்கு அவசரம் இல்லை. சம்பளம் ஓடுது."

லோர்பாக் கூண்டுக்குள் போய்த் தொலைபேசியை எடுத்தார். யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசினார், பிறகு உரத்த குரலில் பேசினார். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ரோஸ்வித்தாவைப் பார்த்துத் தலையசைத்தார்.

ரோஸ்வித்தா அட்டையைக் காட்டினார். பச்சை. கதவு 'கடக்' என்று சுழன்றது, உள்ளே போனார். வரிசையில் பெருமூச்சு விட்டு நாங்கள் நகரத் தொடங்கினோம்.

உள்ளே இரண்டடி போனவர் நின்றார். திரும்பினார். வெளியேறும் வழியாகத் தெருவுக்கு வந்து, வரிசையின் முன்னால் வந்து நின்றார். நாங்கள் ஓரடி பின்னால் நகர்ந்து இடம் விட்டோம். அட்டையில் விழுந்திருந்த மழைத்துளியைச் சட்டையில் துடைத்துவிட்டு, "ரெண்டு தரம்" என்று சொல்லி, அதை மறுபடியும் பெட்டியில் வைத்தார்.